தீயணைப்பு நிலையத்தை எதற்கெல்லாம் கூப்பிடலாம்? எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களும் மில்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மாசி மாதம், காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துத் தட்டுப்போர் (மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கி வைத்த காய்ந்த சோளத்தட்டு) எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே தோட்டத்துக்குப் போகும் வழி) முனையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, லாரிக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று நடுவில் நாங்கள் ஊன்றி வைத்த கல்லுக்கால். வீரர்கள் வண்டியிலிருந்து குழாயை இறக்கி, ஒன்றோடொன்று மாட்டி, தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். கட்டுத்தரையும் நான்கு மாடும் தப்பின, போர் சாம்பலானது. மறுநாள் நன்றி சொல்லலாம் என்று நிலையத்துக்குப் போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இவ்வளவு நாள் எதுவுமே தெரியாமல் இருந்திருக்கிறோம் என்று உறைத்தது. அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பக்கத்து நார் மில்லிலும் அவர்களை வரவழைத்துச் செயல்விளக்கம் நடத்தினோம். அங்கெல்லாம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், கேட்டும் பார்த்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நெருப்புப் பிடித்தால் மட்டும்தான் கூப்பிட வேண்டுமா?

இல்லை. துறையின் பெயரே தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் விழுந்த ஆளை, ஆட்டை, மாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, கதண்டு என்னும் பெரிய விஷக்குளவியின் கூட்டை அழிப்பது, விபத்தில் நசுங்கிய வண்டிக்குள் மாட்டிக்கொண்டவரை வெட்டி எடுப்பது, ஆற்றில் மூழ்கியவரைத் தேடுவது, இடிந்த கட்டடத்தில் சிக்கியவரை மீட்பது, மழைக்காலத்தில் சாலையில் சாய்ந்த மரத்தை அறுப்பது எல்லாமே அவர்கள் வேலைதான். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்களே, அன்றைக்கு மழையில் இடிபாட்டைத் தோண்டி உள்ளே இருந்தவர்களை எடுத்தவர்களும் இவர்கள்தான். யானை, சிறுத்தை வந்தால் மட்டும் வனத்துறையைக் கூப்பிடுங்கள். காட்டுத்தீக்கும் வனத்துறைதான் முதல், தேவைப்பட்டால் தீயணைப்புத் துறை கூடச் சேர்ந்துகொள்ளும்.

101-க்குக் கூப்பிடுவதா, 112-க்கா? போனில் என்ன சொல்வது?

இரண்டில் எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அது. 101 தீயணைப்புக்கு, 112 எல்லா அவசரத்துக்கும் பொது. ஆள் காயம்பட்டிருந்தால் 108-ம் கூடவே. ஆனால் எண்ணைவிட முக்கியம் போனை எடுத்தவரிடம் நீங்கள் சொல்லும் இடம்.

நம் பக்கத்தில் இதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. எத்தனை புதுப்பாளையம், எத்தனை நல்லூர், எத்தனை வேலம்பாளையம்! ஒரே தாலுகாவிலேயே ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும். செல்போனில் கூப்பிடும்போது எடுப்பவர் உங்கள் ஊரைப் பார்த்தே இருக்காத ஆளாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். எங்கள் போர் எரிந்த அன்று அம்மாதான் போன் செய்தார். "எங்க தோட்டத்துல தீப்புடிச்சுருச்சுங்க சாமி, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பதற்றத்தில் வைத்துவிட்டார். அவர்கள் திரும்பக் கூப்பிட்டு, "அம்மா, எந்த ஊருங்க, எந்த ரோட்டுலயிருந்து உள்ள வரணும்" என்று கேட்டு வாங்குவதற்குள் சில நிமிடம் போயிற்று.

மாவட்டம், தாலுகா, ஊராட்சி, ஊர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அப்புறம் எந்த மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும், அங்கே என்ன அடையாளம் இருக்கிறது என்று சொல்லுங்கள், கோயில், ரேஷன் கடை, டிரான்ஸ்பார்மர், பால் சொசைட்டி எதுவானாலும் சரி. எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்கிறாரா, கேஸ் சிலிண்டரோ டீசலோ ரசாயனமோ இருக்கிறதா என்பதைச் சொன்னால் அதற்கேற்ற கருவியோடு கிளம்புவார்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள், அதே போனைக் கையில் வைத்திருங்கள், வேறு யாருக்கும் அதிலிருந்து பேசாதீர்கள், வழி தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் பகுதி நிலையத்தின் நேரடி எண்ணை ஒரு தடவை போய் வாங்கி வந்து மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டில் எழுதி வையுங்கள். போனில் பதிந்து வைத்தது அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் கைக்கு வராது.

வந்தால் பணம் கட்ட வேண்டுமா?

தீயை அணைக்கவும் உயிரைக் காப்பாற்றவும் ஒரு பைசா கிடையாது. இதைத் தெரியாமல் "கூப்புட்டா எவ்வளவு ஆகுமோ" என்று தயங்கி, ஆளைத் திரட்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டே அரை மணி நேரத்தை விட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். தயவு செய்து யோசிக்காதீர்கள். கிடங்கில் தேங்கிய தண்ணீரை இறைப்பது, தனியார் நிகழ்ச்சிக்கு வண்டியைப் பாதுகாப்புக்கு நிறுத்துவது மாதிரியான வேலைகளுக்கு மட்டும் அரசு வைத்த கட்டணம் உண்டு, அதை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டு ரசீதோடு கட்டலாம்.

கூப்பிட்டுவிட்டோம். வண்டி வரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆளையும் ஆடு மாடுகளையும் வெளியேற்றுங்கள். மாட்டின் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை என்றால் அரிவாளால் அறுத்துவிடுங்கள், நெருப்பைப் பார்த்த மாடு கயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கும், முடிச்சு அவிழாது. அப்புறம் மின்சாரம். மெயின் ஸ்விட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள், கம்பியே அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். வேகமாக அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பெரிய நகரங்களில் மாதிரி நம் ஊர் ரோட்டோரத்தில் தீயணைப்புக் குழாய் எதுவும் கிடையாது. திரும்ப நிரப்ப அவர்கள் எங்கே போவார்கள்? உங்கள் கிணறு, பக்கத்துத் தோட்டத்துத் தொட்டி, ஊராட்சி மேல்நிலைத் தொட்டி, வாய்க்கால், இவைதான். அதனால் போன் செய்த கையோடு ஒருவர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப ஆரம்பிக்க வேண்டும், மும்முனை கரண்ட் இல்லாத நேரமாக இருந்தால் யார் தோட்டத்தில் ஜெனரேட்டரோ டீசல் இன்ஜினோ இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விளைந்த வயலுக்கு மருந்தடிக்கும் டேங்கரும் தண்ணி லாரியும் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். பல ஊரில் பெரிய தீயை அடக்கியது இந்தத் தண்ணி லாரிகள்தான்.

கடைசியாக, வண்டி வரும் வழி. ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு முனையில் போய் நிற்க வேண்டும், இரவானால் டார்ச்சோடு. இட்டேரியில் நிற்கும் டிராக்டர், கார் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. எங்கள் கல்லுக்காலை அடுத்த வாரமே பிடுங்கிவிட்டோம், இப்போது அந்த இடத்தில் திறந்து மூடுகிற இரும்புக் குழாய்தான் இருக்கிறது, அதன் சாவி பக்கத்து வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வண்டி போக எவ்வளவு அகலம் வேண்டும், மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சந்தேகமிருந்தால் நிலையத்தில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், வேறு வேலையாக அந்தப் பக்கம் வரும்போது பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

தட்டுப்போர், வைக்கோல், கரும்பு: இதெல்லாம் ஏன் இவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது?

காய்ந்தது, உள்ளே காற்றோட்டம் உள்ளது, மேலே கம்பி போகிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். மாசி பங்குனியில் காற்றும் கூடுகிறது. போரை வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் தள்ளிப் போடுங்கள், ஒரே பெரிய போராக இல்லாமல் இரண்டு மூன்றாக இடைவெளி விட்டுப் போட்டால் ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். கம்பிக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். கரும்பு வெட்டிய பிறகு சோகைக்கு (காய்ந்த இலைக்கு) தீ வைப்பவர்கள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லாமல், காற்று வீசும் மத்தியானத்தில் வைக்கிறார்கள், அதுதான் வெட்டாத கரும்புக்குப் பாய்கிறது. என்னைக் கேட்டால் சோகையைத் தூளாக்கி மண்ணிலேயே விடுவதுதான் நல்லது, மண்ணுக்கும் சத்து.

வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்ந்த கம்பியில் உரசிப் பற்றிக்கொள்வது வருடம் தவறாமல் எங்காவது நடக்கிறது. கம்பி இன்னும் லோடில் தொட்டுக்கொண்டிருந்தால் டிரைவர் இறங்கவே கூடாது, ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் மண்ணிலுமாக வைத்தால் மின்சாரம் உடம்பு வழியாகத்தான் போகும். கம்பியை விட்டு வண்டியை நகர்த்தி, வீடுகள் இல்லாத வெட்ட வெளிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதிப்பதுதான் வழி. நகர்த்தவே முடியாமல் வண்டியும் எரிந்தால் வண்டியைக் கையால் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலை அகட்டாமல் சின்னச் சின்ன அடியாகத் தள்ளிப் போக வேண்டும்.

பஞ்சுக் குடோனில் தீயை அணைத்தார்கள், மறுநாள் திரும்ப எரிகிறது. சரியாக அணைக்கவில்லையா?

இது பல்லடம், திருப்பூர், காங்கேயம் பக்கத்துக் கழிவுப் பஞ்சுக் குடோன்காரர்கள் எல்லோரும் கேட்பது, கேட்கும்போது கொஞ்சம் கோபமும் இருக்கும். பஞ்சு மேலே எரிவதைவிட உள்ளே கனிவதுதான் அதிகம். இறுக்கிக் கட்டிய பேலுக்குள் ஒரு பொறி போனால் வெளியில் தெரியாமல் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் உள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் இறுகிய பஞ்சுக்குள் அது இறங்காது. அதனால்தான் ஜே.சி.பி.யை வைத்து ஒவ்வொரு பேலாக இழுத்து வெளியே போட்டு, பிரித்து, நனைத்து, மறுபடி புரட்டுகிறார்கள். அந்த வேலைக்கு ஒரு நாள், இரண்டு நாள் கூட ஆகும். "போதும், போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அவர்களை அனுப்பிவிடாதீர்கள். நார் மில்லில் குவித்து வைக்கும் தேங்காய் நாரும் இப்படித்தான்.

பஞ்சு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இந்தத் துறையே ஒரு நாளை வைத்திருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பலில் பஞ்சுப் பேல்களும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. மத்தியானம் பஞ்சில் புகை தெரிந்தது. இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்தும் தீ எந்தப் பேலில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு மணிக்குப் பிறகு கப்பல் வெடித்தது. அணைத்துக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14-ஐ நாடு முழுவதும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள், 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். பஞ்சை வைத்தே பிழைக்கிற நம் சீமைக்கு அந்த நாள் மற்ற ஊர்களைவிட நெருக்கமானது என்று எனக்குத் தோன்றும்.

மில்லில் நீங்கள் செய்யக் கூடியவை கஷ்டமானவை அல்ல. பஞ்சோடு வரும் ஆணி, கம்பி மெஷினுக்குள் போய்ப் பொறி கிளப்பாதபடி, அவற்றைப் பிடிக்கும் காந்தத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் துடைக்க வேண்டும். டியூப்லைட், சுவிட்ச் போர்டு, மோட்டார் மேல் படியும் பஞ்சுத் தூசியைத் தினமும் தட்ட வேண்டும். குடோனுக்குள் வெல்டிங் வேலை வந்தால் சரக்கைத் தள்ளி வைத்து, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். பேல்களுக்கு நடுவில் ஆள் நடக்கும் சந்து விடுங்கள், கூரை வரை அடுக்காதீர்கள். அப்புறம் இரவில் வட மாநிலத் தொழிலாளர்கள் உள்ளே தூங்கும்போது கதவை வெளியே பூட்டும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். திருட்டுக்குப் பயந்து செய்கிறோம் என்கிறார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கும்போது தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கேஸ் வாடை வருகிறது. சிலிண்டர் வெடித்துவிடுமா?

வாடை வருவது நல்லது, கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது, கசிவு தெரிய வேண்டும் என்றே அதில் நாற்றமருந்து கலக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு படிந்து கிடக்கும், அதனால் ஜன்னலைவிட வாசல் கதவைத் திறப்பது முக்கியம். லைட் ஸ்விட்ச், ஃபேன் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலுமே பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, பாதுகாப்பு மூடி இருந்தால் அதை மாட்டி, சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வையுங்கள், போனை வெளியே வந்து பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது.

ரெகுலேட்டர் வாயில் தீ எரிந்தால் செயல்விளக்கத்தில் ஒன்று காட்டுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சிலிண்டரைப் பற்றவைத்துவிட்டு, ஒரு வீரர் நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கை இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய், மேலே போர்த்தி, அப்படியே கையைச் சாக்குக்குள் விட்டு வால்வைத் திருகி மூடினார். தீ புஸ் என்று அடங்கியது. அப்புறம் சத்துணவு சமைக்கும் அக்காவையும் அதையே செய்ய வைத்தார்கள். முதலில் "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று பின்வாங்கியவர், இரண்டாம் தடவை தானாகவே சாக்கை எடுத்தார். இதைப் படித்துவிட்டு வீட்டில் முயன்று பார்க்காதீர்கள், அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும்போது ஒரு தடவை செய்துவிடுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதையும் மறக்க வேண்டாம்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால்?

தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், பெரிய தட்டத்தால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். அவ்வளவுதான்.

தீக்காயத்துக்கு முதலில் என்ன செய்வது?

குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைத் துடைத்து எடுப்பதற்குள் தோலும் சேர்ந்து வரும். வளையல், மோதிரம், கொலுசை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சேலையில் பற்றினால் ஓடக்கூடாது, கீழே விழுந்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கனத்த பருத்திப் போர்வையால் மூடலாம். சமையலறையில் நைலான் சேலை வேண்டாம் என்று எங்கள் அப்பத்தா சொல்லிக்கொண்டே இருப்பார், அது முழுக்க உண்மை, நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அது போதாதா?

மாட்டியிருப்பது சரி, யாருக்காவது பயன்படுத்தத் தெரியுமா என்று பாருங்கள். ஊக்கை இழுத்து, குழாய் முனையை நெருப்பின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீச வேண்டும். பலர் மேலே எழும் சுவாலையைப் பார்த்து அடிக்கிறார்கள், பவுடர் எல்லாம் காற்றில் போய்விடும். ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடத்தில் காலி, ஆகவே அது ஆரம்பத் தீக்கு மட்டும்தான். வெளியேறும் வழி எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள்.

கிணற்றில் விழுந்தால் நாமே இறங்கக்கூடாதா?

நம் பக்கத்துக் கிணறுகள் பாறையைக் குடைந்து வெட்டியவை, அறுபது எண்பது அடி ஆழம், பாதிக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. தண்ணீர் இருக்கும் கிணற்றில் ஆள் விழுந்தால் கயிற்றில் கட்டிய லாரி டியூபையோ காலித் தண்ணீர்க் கேனையோ போடுங்கள். மாடு விழுந்தால் கழுத்தில் கயிறு போட்டு இழுக்காதீர்கள், வீரர்கள் வந்து வயிற்றுக்குக் கீழே பெல்ட் போட்டு கிரேனில் தூக்குவார்கள், அதுவரை அது மிதந்துகொண்டு நிற்கும்.

தண்ணீர் வற்றிய பழைய கிணறும் கழிவுத் தொட்டியும் வேறு விஷயம். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மும். மோட்டார் ரிப்பேர் பார்க்க ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார், காப்பாற்றப் போன தம்பியும் விழுகிறார், அவரைப் பார்த்து மூன்றாவது ஆள் இறங்குகிறார். ஒரே வீட்டில் இப்படிப் பறிகொடுத்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். கீழே விஷவாயு இருக்கலாம், காற்றில் ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம், கிணற்றுக்குள்ளேயே டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டினால் அதன் புகை கீழேயே தங்கிவிடும். விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று நம்பி இறங்காதீர்கள், எல்லா விஷவாயுவும் விளக்கை அணைக்காது. தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மூச்சுக் கருவியும் மாட்டி, இடுப்பில் கயிற்றோடு இறங்குவது அதனால்தான். பாதுகாப்புக் கருவி தராமல் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சு லாரிக்கு 14420 எண்ணில் கேட்கலாம்.

மூடாத ஆழ்துளைக் கிணறு இருந்தால் இன்றைக்கே மூடிவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தைக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆயிரம் அடி போர் போடுகிற ஊர் நம்முடையது, தண்ணீர் வராத போருக்கு ஒரு இரும்பு மூடி போட ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

பாம்பு, கதண்டு?

பாம்பு எங்கே போகிறது என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருங்கள், அவர்கள் வரும்போது "இங்கதாங்க இருந்துச்சு" என்றால் வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்கும். அடிக்காதீர்கள், கடிபடுவது பெரும்பாலும் அடிக்கப் போகும்போதுதான், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் போன்றவற்றைக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட. பிடித்த பாம்பை வனத்துறையிடம் ஒப்படைப்பார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் நேராக அரசு ஆஸ்பத்திரி.

கதண்டுக் கூட்டுக்குப் பகலில் புகை போடுவது, கல் எறிவது வேண்டவே வேண்டாம். தென்னை உச்சியில் இருக்கும் கூட்டை வீரர்கள் பொதுவாகப் பொழுது சாய்ந்து, எல்லாம் கூட்டுக்கு வந்த பிறகு அழிப்பார்கள். அதுவரை மரத்துக்குக் கீழே யாரும் போகாதபடி கயிறு கட்டுங்கள்.

பவானி ஆற்றில், வாய்க்காலில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது பயிற்சி தருகிறார்களா?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு வருடமும் ஆற்றங்கரையிலும் குளத்திலும் ஒத்திகை நடத்துவார்கள். காலி பிளாஸ்டிக் குடம், தண்ணீர் கேன், வாழைத்தண்டு, கட்டிய தேங்காய் இவற்றை வைத்து மிதப்பது எப்படி என்று காட்டுவதைப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பார்க்க விடுங்கள். மேட்டுப்பாளையத்தில் பில்லூர் அணை திறந்தால் காலடியில் இருந்த தண்ணீர் சட்டென்று மார்புக்கு வந்துவிடும், மேலே மழை இல்லாதபோதும் அது நடக்கும். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால்களில் கரை சிமெண்டாக வழுக்கும் இடங்களில் இறங்கினால் நீந்தத் தெரிந்தவராலும் ஏற முடியாது. ஆடிப் பெருக்கில் பவானி கூடுதுறையில் படகோடு நிற்கும் வீரர்கள் "அதுக்கு மேல போவாதீங்க" என்றால் கேளுங்கள். வெள்ளம் சம்பந்தமாக ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

எங்கள் பள்ளிக்கு, கம்பெனிக்கு வந்து சொல்லிக்கொடுப்பார்களா? எப்படிக் கேட்பது?

வருவார்கள். தலைமையாசிரியரோ கம்பெனி மேலாளரோ நிலைய அலுவலர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, எத்தனை பேர், எந்த இடம், எந்தத் தேதி தோதுப்படும் என்று நேரில் கொடுத்தால் போதும். அவசர அழைப்பு வந்தால் பாதியில் கிளம்பிவிடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். தீத்தொண்டு வாரத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அவர்களே ஊர் ஊராகப் போவார்கள், அந்த நேரத்தில் தேதி கிடைப்பது கடினம், ஆடி ஆவணியில் கேட்டால் நிதானமாக நடத்தலாம். நிலையத்துக்கே பிள்ளைகளை அழைத்துப் போவது இன்னும் நல்லது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, தண்ணீர் வரும் குழாயை நான்கு பேராகப் பிடிக்கச் சொன்னார்கள், அழுத்தம் பின்னால் தள்ளியதில் நான்கு பேரும் இரண்டடி நகர்ந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையும் சிலிண்டர் எங்கே இருக்கிறது, ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று சோதித்ததாகத் தாய்மார்கள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையல்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. பள்ளிகளில் கீற்றுக் கூரை அதற்கப்புறம் போய்விட்டது, ஆனால் மாடிப்படிக்குக் கீழே பழைய பெஞ்சையும் பேப்பரையும் குவித்து வைக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

நோம்பிக்கும் திருவிழாவுக்கும் வண்டி நிறுத்தச் சொல்லலாமா?

பண்ணாரி குண்டம், தேரோட்டம், கும்பாபிஷேகம் மாதிரி கூட்டம் கூடும் இடங்களுக்குக் காவல்துறையோடு சேர்ந்து அவர்களும் நிற்பார்கள். ஊர் நோம்பிக்கு முன்பே மனு கொடுத்தால் பார்க்கலாம். வண்டி வராவிட்டாலும் பந்தலுக்கு இரண்டு பக்கம் வழி, பூவோடு (தீச்சட்டி) எடுக்கும் இடத்தில் மணல் வாளி, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் டீசல் கேன் வைக்காமை, இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். ராக்கெட்டைத் தட்டுப்போர், பனியன் வேஸ்ட் குடோன் இருக்கும் பக்கம் விடவே விடாதீர்கள்.

தடையில்லாச் சான்று, இன்சூரன்ஸ் சான்று எல்லாம் எங்கே வாங்குவது?

பெரிய கட்டடம், கல்யாண மண்டபம், பள்ளி, ஆஸ்பத்திரி, பட்டாசுக் கடை போன்றவற்றுக்குத் தடையில்லாச் சான்று தேவை, இணையத்தில் விண்ணப்பித்தால் நேரில் ஆய்வுக்கு வருவார்கள். ஆய்வை ஒரு தொல்லையாக நினைக்காமல், அவர்கள் கூடவே நடந்து "இங்க என்னங்க பண்ணலாம்" என்று கேளுங்கள், இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஆலோசனை அது. தீ விபத்து நடந்திருந்தால் தீயணைத்த நிலையத்தில் எழுத்தில் விண்ணப்பித்து அறிக்கை வாங்கலாம், இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் கேட்கும். எரிந்ததைச் சுத்தம் செய்வதற்கு முன்பு போட்டோ எடுத்துவிடுங்கள். குடிசை வீடு எரிந்திருந்தால் வி.ஏ.ஓ.விடம் அன்றே சொல்லுங்கள், அரசு உதவி வருவாய்த் துறை வழியாக வரும்.

எப்போதும் தாமதமாகத்தானே வருகிறார்கள்?

இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு நிலையத்துக்கு எத்தனை ஊர் என்று பாருங்கள், ஒரே வண்டி கிழக்கே ஒரு கிணற்றில் மாட்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது மேற்கே குடோன் பற்றினால் பக்கத்து நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். மணி அடித்ததும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர்கள் ஓடுவதை நான் பார்த்தேன். திரும்பி வர நான்கு மணி நேரமானது, தட்டில் சோறு காய்ந்திருந்தது. விளையாட்டுக்கு 101-ஐக் கூப்பிடும் பிள்ளைகளைக் கண்டியுங்கள், அந்த நேரத்தில் உண்மையான அழைப்பு ஒன்று காத்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் எங்கள் ஊரில் இருபத்திரண்டு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு தாள் தயாரித்தோம். எந்தத் தோட்டத்துக்கு எந்த ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும், எந்த இட்டேரியில் பெரிய வண்டி நுழையும், எந்தத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கும், யார் டிராக்டர் டேங்கர் வைத்திருக்கிறார், அவர் போன் எண் என்ன என்று கையால் வரைந்த வரைபடம். நிலைய அலுவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் பேனாவால் திருத்தினார், ஒரு பாலத்தின் மேல் பெரிய வண்டி ஏறாது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. நகல் ஒன்றை வண்டி நிற்கும் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். உங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று வரைய வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.